யாரோ புழங்கின சட்டி

இங்க உக்காரலாமாம்மா? ஆள் யாரும் வரலையே? நீங்க போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. வந்ததுல இருந்து எங்க வீட்டுக்காரர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கேன். அவுககிட்ட பேசுறதும் செவுத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான். நீங்க யாழ்ப்பாணமா? பேச்சுலயே தெரிஞ்சுச்சு. எங்களுக்கு விருதுநகர் பக்கம். அங்க எண்ணெய்க் கடை வச்சிருந்தோம்.

அந்தா, கடைசி மெசின்ல சுத்துது பாருங்க, அது நான் போட்டது. நான் எங்க போட்டேன், மகன் போட்டான். சோபா உறை. மஞ்சக் கறை. நம்ம ஊரா இருந்தா அலசி மொட்டை மாடில போட்டா, சாயங்காலத்துக்குள்ள வெயிலே தின்னுரும். இந்த லியோன் ஊர்ல வெயிலுக்கு நான் எங்க போவேன்? நவம்பர் மாசத்துல சூரியன் இருக்கானா செத்தானான்னே தெரியல.

மகன் பட்டன அமுக்கிட்டு அவுக அப்பாவ மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். மெசின் நிக்கிற நேரத்துக்கு வருவேன்மா, வந்ததும் எனக்கு ஒரு பதில் சொல்லணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். மூஞ்சி குடுத்துப் பேசல. பெத்த தாய்கிட்ட கெடு வைக்கிறான் பாருங்க.

சொல்றதுக்கே நாக்கு கூசுது. ஆனா நீங்க யாரோ, நான் யாரோ. நாளைக்கு நீங்க என்ன எங்க பாக்கப் போறீக?

ராஜகுரு எங்களுக்கு ஒரே பய. இங்க கம்பெனில நல்ல வேலை. கூட வேலை பாத்த பிள்ளையக் கட்டிக்கிட்டான். ஜெசிந்தான்னு பேரு, காரைக்கால். அவுக ஆளுக வேற, சாமி வேற. சொந்தக்காரவுக எல்லாம் வாயில அடிச்சுக்கிட்டாக. நான் ஒரு வார்த்தை சொல்லலையே! நான் வித்தியாசம் பாக்குறவ இல்லம்மா. கல்யாணத்துக்குக் காரைக்கால் வரைக்கும் போயி அட்சதை போட்டுட்டு வந்தேன். பந்தியில உக்காரல, அது வேற விஷயம். எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். எங்க வீட்டுக்காரர் அன்னைக்குச் செவ்வாக்கிழமைடின்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்காரு. செவ்வாக்கிழமையும்தான் நான் விரதம் இருப்பேன், இவருக்கு என்னத்தத் தெரியும்?

இப்ப ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. இனியன்னு பேரு. எங்க மாமனார் பேர ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம், கேக்கல. சரி, போகட்டும். பேரனப் பாக்கணும், மடியில போட்டு நானே எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டணும். அது ஒண்ணுக்குத்தான் இந்தக் குளிருல வந்து விழுந்தேன். எங்க செக்கு நல்லெண்ணெய், பாட்டில் பாட்டிலா சீல் வச்சுக் கொண்டாந்திருக்கேன்.

ஏர்போர்ட்டுல இறங்கினோம். மகன் வந்தான். கார் போயிக்கிட்டே இருக்கு, ஆத்துப் பாலத்தத் தாண்டி ஒரு சந்துக்குள்ள நின்னுச்சு. பழைய காலத்துக் கல்லுக் கட்டடம். இதான் ராசா உன் வீடான்னு கேட்டேன். அவன் பதில் சொல்லாம, கதவு பக்கத்துல ஒரு குட்டிப் பெட்டில நம்பரத் திருகி அதுக்குள்ள இருந்து சாவிய எடுத்தான். சொந்த வீட்டுச் சாவிய எவனாவது தெருவுல தொங்கவிடுவானா? அப்பவே எனக்குச் சந்தேகம். லிஃப்ட் கிடையாது. சுத்திச் சுத்திப் போற கல்லுப் படி. எங்க வீட்டுக்காரர் முட்டி வலியோட ஒவ்வொரு படிக்கும் முருகாங்கிறாரு. மேல போனா சின்ன வீடு. சினிமால வர்ற மாதிரி அழகாத்தான் இருக்கு, இல்லைங்கல. வெள்ளைச் சோபா, வெள்ளை மேசை, சன்னலத் திறந்தா ஓட்டுக் கூரையா தெரியுது.

அப்புறம்தான் சொல்றான். ஊர் சுத்திப் பாக்க வர்றவுகளுக்கு நாள் வாடகைக்கு விடுற வீடாம்மா. இங்க இருந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்மாங்கிறான். ஏன்டா, உன் வீடு என்னாச்சுன்னேன். அங்க ஜெசிந்தாவோட அம்மா இருக்காக, இடம் நெருக்கடி, ரெண்டு நாள் களைப்பாறுங்க, அப்புறம் பாப்போம்னான்.

கேட்டீகளா கதைய? சம்பந்திக்கு வீட்டுக்குள்ள கட்டிலு. பெத்தவளுக்கு வாடகை வீடு. எனக்கு அப்படியே உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாக? மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டு லாட்ஜுல போட்டுட்டான்னு சொல்ல மாட்டாக?

அன்னைக்குச் சாயங்காலமே எங்க நாத்தனா சொர்ணம் வீடியோ கால்ல வந்துட்டா. அவளுக்கு மூக்கு வேர்த்துரும். மதினி, ராஜகுரு வீட்டக் காட்டுங்கன்னா. நான் என்ன செய்ய? சோபாவக் காட்டினேன், சன்னலக் காட்டினேன். பிள்ளைய எங்கன்னா. தூங்குதுன்னேன். மருமக எங்கன்னா. அவளும் தூங்குறான்னேன். ராஜகுருவாவது எங்கன்னா. கடைக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டு போன அமத்திட்டேன். எங்க வீட்டுக்காரர் மூலையில உக்காந்து சிரிக்கிறாரு. அப்ப வந்த ஆத்திரத்துக்கு அவரக் கொன்னுருப்பேன்.

சரி, வந்தாச்சு, இருக்குற வரைக்கும் இருக்கணுமில்ல. நமக்கு ஒரு சுத்தபத்தம் இருக்குல்லம்மா? எந்த எந்த நாட்டுக்காரன் வந்து படுத்தானோ, அந்த அடுப்புல என்னத்தப் போட்டு வேக வச்சானோ. மஞ்சப் பொடியத் தண்ணில கரைச்சு, வேப்பிலைக்கு நான் எங்க போக, கையாலயே வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் தெளிச்சேன். அள்ளித் தெளிச்சதுல சோபால பட்டுருச்சு. பட்டதோட விட்டிருக்கணும். பாத்திரம் கழுவுற சோப்பப் போட்டுத் தேச்சேன். மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை சேலை துவைச்சிருக்கேன். பதட்டத்துல புத்தி எங்க வேலை செய்யுது? செக்கச் செவேல்னு ஆகிப் போச்சு. மேல ஒரு துண்ட விரிச்சு மூடி வச்சேன்.

பாத்ரூம்ல ஒரு சொம்பு கிடையாது. பேப்பர் மட்டும் தொங்குது. அலமாரில ஒரு கண்ணாடிக் கூஜா இருந்துச்சு, அத எடுத்து அங்க வச்சுட்டேன். அடுத்து வர்றவுக கழுவிட்டுக் குடிச்சுக்கட்டும்.

அடுப்படிக் கீழ் அலமாரியத் திறந்தா, ஒரு இட்லிச் சட்டி! தட்டோட. ஒரு தோசைக் கல்லு, கரண்டி, எவர்சில்வர் தூக்கு, டம்ளர். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. வெள்ளைக்காரன் வீட்டுல இட்லிச் சட்டி எப்படி வரும்? மகன்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். எல்லாம் வீட்டோட இருக்குறதுதான்மா, புழங்கிக்கன்னான். ஒரு மாதிரி இழுத்துத்தான் சொன்னான். சரி, நமக்கு முந்தி நம்ம பக்கத்து ஆளுக யாரோ தங்கியிருக்காக, விட்டுட்டுப் போயிருக்காகன்னு நினைச்சேன். தோசைக் கல்லு நல்லாப் பழகின கல்லு. ஒரு பொட்டுத் துரு இல்ல.

நல்ல கல்லுதான். ஆனா யாரோடதுன்னு தெரியணுமில்ல? எவ புழங்கினாளோ, என்ன ஆளுகளோ, மாட்டுக்கறிய வறுத்தாளோ. மனசு ஒப்பல. எல்லாத்தையும் ஒரு சாக்குப் பையில கட்டி எங்க வீட்டுக்காரர் தலையில ஏத்திவிட்டு, கீழ குப்பைத் தொட்டி பக்கத்துல வச்சுட்டு வாங்கன்னேன். இந்த ஊர்ல வேண்டாத சாமான அப்படித்தான் வைக்கிறாக, வேணுங்கிறவுக எடுத்துக்கிறாக. முந்தின நாள் ஒரு நல்ல நாற்காலியே கிடந்துச்சு. அவரு, இந்தா, மகன் காசு குடுத்து எடுத்த வாடகை வீடு, அடுத்தவன் சாமான வெளிய வைக்கிறது சரியில்லன்னாரு. அதான் நம்ம ஆளுக விட்டுட்டுப் போனதுன்னு சொல்றேன்ல, போங்கன்னேன். போனாரு. மத்தியானம் எட்டிப் பாத்தேன், பை இல்ல. யாரோ புண்ணியவான் எடுத்துட்டான்னு நிம்மதியா இருந்துச்சு.

ஊர்ல இருந்து பொட்டிக்குள்ள எங்க சட்டி ஒண்ணு கொண்டாந்திருந்தேன், அத அடுப்புல வச்சேன். அது கண்ணாடி மாதிரி இருக்குற கரண்ட் அடுப்பு. எங்க அலுமினியச் சட்டி அதுல சூடாகவே மாட்டேங்குது! கத்துது, அணையுது. அப்புறம் என்ன, பிரெட்டும் ஊறுகாயும்தான். இந்த ஊரு பிரெட்டு கம்பு மாதிரி, கடிச்சா ஈறு கிழியுது. அந்த இட்லிச் சட்டியவாவது வச்சிருக்கலாம்லன்னு எங்க வீட்டுக்காரர் முனகினாரு. பசில செத்தாலும் சாவேனே தவிர கண்டவக சட்டில ஆக்க மாட்டேன்னேன்.

இப்படி நான் சொன்னது முந்தாநாள். நேத்து காலையில வந்தாக எல்லாரும்.

மகன், மருமக, சம்பந்தியம்மா லூர்தம்மா. பிள்ளைய மருமக நெஞ்சோட துணில கட்டியிருக்கா. கம்பளிக் குல்லாவும் கன்னமும்தான் தெரியுது. மூக்கு அப்படியே எங்க ராஜகுரு மூக்கு. எனக்குக் கை பரபரங்குது. தூங்குறான் அத்தை, முழிக்கட்டும் தர்றேன்னா. சரின்னு அடக்கிக்கிட்டு உக்காந்தேன். லூர்தம்மா நல்ல மாதிரிதான், ஒல்லியா, சத்தமே இல்லாத மனுசி. கையில ஒரு தூக்கு. வந்ததும் வராததுமா, பாவம் ரெண்டு பேரும் வாடிப் போயிருக்கீங்களே சம்பந்தியம்மா, மாவு அரைச்சுக் கொண்டாந்திருக்கேன், சூடா நாலு இட்லி ஊத்துறேன்னு சொல்லிட்டுக் கேக்குறா. இட்லிச் சட்டி வசதியா இருந்துச்சா?

எனக்கு ஒண்ணும் ஓடல. எந்தச் சட்டின்னு கேட்டேனா நான்? கேக்கலையே. ரொம்ப வசதியா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்! வாய் தானா சொல்லிருச்சும்மா. அவ சந்தோசப்பட்டுப் போயிட்டா. காரைக்கால்ல இருந்து தூக்கிட்டு வந்தேன் சம்பந்தியம்மா, பிள்ளை பெத்தவளுக்கு வேணுமேன்னு. நீங்க வர்றீங்கன்னதும், அவங்களுக்கு இந்த ஊர் சாப்பாடு ஒத்துக்காது, இங்க இருக்குறத அங்க குடுத்துருங்கன்னு நான்தான் மாப்பிள்ளைகிட்ட குடுத்துவிட்டேன். தோசைக் கல்லு எங்க அம்மா எனக்குக் குடுத்ததுங்கிறா. சொல்லிக்கிட்டே அடுப்படிக்குப் போறா. நான் எந்திரிக்கணும், எந்திரிக்க முடியல.

அலமாரி திறக்குற சத்தம் கேட்டுச்சு. இன்னொரு அலமாரி.

மருமக போயிப் பாத்துட்டு வந்தா. சாமானெல்லாம் எங்க அத்தைன்னா. நான் அது வந்து, கழுவி, அப்படின்னு உளறுறேன். எங்க வீட்டுக்காரர், இத்தனை வருசத்துல ஒரு நாளும் வாயத் திறக்காத மனுசன், அன்னைக்குப் பாத்துத் திறந்தாரு. யாரோ புழங்கினதுன்னு குப்பைத் தொட்டிக்கிட்ட வைக்கச் சொன்னா, நான்தான்மா கொண்டு போயி வச்சேன், என்ன மன்னிச்சுருங்கன்னு அந்த லூர்தம்மாவப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

லூர்தம்மா என்ன செஞ்சா தெரியுமா? போனாப் போகுது அண்ணே, பழைய சாமான்தானேன்னா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி மாவுத் தூக்க மூடுறா. மூடி சரியாப் பொருந்தல. திரும்பத் திரும்ப அமுக்குறா. அதப் பாத்ததும் பூமி பிளந்து என்ன முழுங்கிறாதான்னு இருந்துச்சும்மா.

நான் மகனப் பிடிச்சுக்கிட்டேன். ஏன்டா, அவுகளோடதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னடா? சொல்லியிருந்தா நான் இப்படிச் செஞ்சிருப்பேனாடா? அப்பத்தான் ஜெசிந்தா கேட்டா. கத்தல, கோவப்படல. பிள்ளை முதுகத் தட்டிக்கிட்டே கேக்குறா.

"சொல்லியிருந்தா மட்டும் அதுல சமைச்சிருப்பீங்களா அத்தை?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விதான்.

ஒரு ஆமா சொன்னா முடிஞ்சுச்சு. எத்தனை பொய் சொல்லியிருக்கேன், நாத்தனாகிட்ட அத்தனை கூசாமச் சொன்னேன். இந்த ஆமா வரலையே. துண்ட விலக்கிட்டு உக்காரப் போன ஜெசிந்தா, சோபால கறையப் பாத்தா. அது என்னன்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல, அவளும் தமிழச்சிதானே. நாங்க கிளம்புறோம்னுட்டா. பிள்ளை அப்பத்தான் கண்ணு முழிச்சுச்சும்மா. கருவிழிய உருட்டி யாரடா இவங்கிற மாதிரி பாக்குது. பாத்துக்கிட்டு இருக்கும்போதே படியிறங்கிப் போயிட்டாக.

நான் இன்னும் அவன ஒரு தடவை தொடல.

மகன் மட்டும் நின்னான். அம்மா, நீ எங்க வீட்டுக்கு வந்தா பட்டினி கிடப்ப, அவுக மனசும் நோகும், அதனாலதான் இந்த வீட்ட எடுத்தேன், உனக்காகத்தான்மா எடுத்தேன்னான். எனக்காகவாம்! நான் என்னமோ என்ன ஒதுக்கிட்டானேன்னு மூணு நாளு அழுதுக்கிட்டு இருந்தேன்.

இன்னைக்கு விடிஞ்சதும் வந்து உறையக் கழட்டிக்கிட்டு என்ன இங்க கூட்டிட்டு வந்தான். வந்து சொல்றான், மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு, லூர்தத்தை ஆக்குறாக, அப்பா வர்றேன்னுட்டாரு. நீ வர்றதா இருந்தா எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடணும். விரதம் கிரதம்னு சொல்லக் கூடாது. முடியாதுன்னா முன்னாடியே சொல்லிரு, வந்து அவுகள இன்னொரு தடவை அவமானப்படுத்த வேண்டாம். யோசிச்சுச் சொல்லுன்னுட்டுப் போயிட்டான். அதான்மா அவன் கேட்ட பதிலு.

வர்றேன்னுதான் சொல்லப் போறேன். இதுல யோசிக்க என்ன இருக்கு? சாப்பாட்டுல என்ன இருக்கு? ஒரு வாய் சோறு, கண்ண மூடிக்கிட்டு முழுங்கினா பேரன் மடியில இருப்பான். நான் வித்தியாசம் பாக்குறவளே இல்லையே, யாரு எது குடுத்தாலும்...

அட, பிளாஸ்க்குல டீயா? எனக்கா? எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம். நல்லா ஏலக்காய் வாசம் வருது. வந்ததுல இருந்து ஒரு நல்ல டீ குடிக்கல. குடுங்க. இல்ல, அது வந்து... தப்பா நினைக்காதீக, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன். நீங்க உங்க ஊர்ல என்ன ஆளுக?

ஏன்மா கைய இழுத்துக்கிட்டீக? இல்லம்மா, நான்... அய்யய்யோ. சும்மாதான்மா கேட்டேன். உக்காருங்க, எந்திரிக்காதீக. என் வாயில கொள்ளிய வைக்க! இப்பத்தானே இத்தனையும் சொன்னேன் நானு. இத்தனையும் சொல்லிட்டுக் கேக்குறேன் பாருங்க. நீங்க சொல்ல வேண்டாம்மா, குடுங்க, நான் குடிக்கிறேன். கீழ கொட்டாதீக.

கொட்டிட்டீக.

வெக்கமா இருக்கும்மா. உங்க மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. நேத்து கேட்டாளே அவ, அதுக்கு என்கிட்ட பதிலு இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. அந்தா, மெசின் நிக்கப் போகுது. மகனும் ரோட்டத் தாண்டி வாரான், அந்தக் கறுப்புக் கோட்டுதான். நான் என்ன சொல்ல அவன்கிட்ட? அந்த இலைக்கு முன்னாடி உக்காந்து, இந்த டீக்கு நின்ன மாதிரி என் கை நின்னுச்சுன்னா? லூர்தம்மா பரிமாறிட்டு என் கையவே பாத்துக்கிட்டு நின்னா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. அம்மா.

வாப்பா. யாருமில்ல, இங்கன துணி துவைக்க வந்தவுக, போயிட்டாக. கறையா? போகலப்பா, அப்படியேதான் தெரியுது. ம். யோசிச்சேன். இல்லய்யா, விரதமெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிரு. காலையில இருந்தே ஒரு மாதிரியா இருக்கு. நெசமாத்தான்டா. நீங்க எல்லாரும் நல்லாச் சாப்பிடுங்க. பிள்ளைய வேணும்னா சாயங்காலமா ஒரு எட்டு நாங்க இருக்குற வீட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொல்லேன். என்னடா, நீ பாட்டுக்குத் துணிய எடுக்குற?